துருப்பிடித்த சட்டியில் அரோஸ் அ பண்டா

ஸ்பெயினில் இருக்கும் வலென்சியாவின் கடலோரச் சோறுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அரோஸ் அ பண்டா. தட்டில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பழுப்பும் பொன்னும் கலந்த நிறத்தில், ஒரு விரல் கனம் வரும் சோறு. அங்கங்கே பொடியாக நறுக்கிய கணவாய், நாலைந்து இறால் துண்டு, ஓரத்தில் ஒரு கரண்டி அலியோலி என்ற பூண்டு எண்ணெய்க் குழைவு. சுற்றுலாப் படங்களில் வரும் முழு இறாலும் வாய் பிளந்த சிப்பியும் இதில் கிடையாது. மீனெல்லாம் சாறாகி அரிசிக்குள் போய்விட்டது. விலைபோகாத சில்லறை மீனை வேகவைத்து, அந்தச் சாற்றில் அரிசியைப் போட்டு, சோற்றைத் தனியாகவும் மீனைத் தனியாகவும் சாப்பிட்ட மீனவர்களின் சமையல் இது. இதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால், அரிசி சட்டியில் விழுவதற்கு முன்னாலேயே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும். அதனால் இந்தப் பதிவில் சட்டி, அடுப்பு, சாறு மூன்றுக்கும்தான் இடம் அதிகம்.

நான் இருப்பது கபன்யாலில். வலென்சியா நகரத்தின் பழைய மீனவர் குடியிருப்பு. கடற்கரைக்கு இணையாக நேர்க்கோடாக ஓடும் தெருக்கள், முகப்பில் வண்ண ஓடு பதித்த தாழ்ந்த வீடுகள். எங்கள் தெரு முனையில் ஒரு குடும்பம் சோற்றுக்கடை நடத்துகிறது. பாட்டி, மகன், பேத்தி, அவ்வளவுதான் ஆட்கள். பேத்தி கூப்பிடுவது போலவே தெருவே அந்தப் பாட்டியை ‘யாயா’ என்று கூப்பிடும். மதியம் மட்டும்தான் அரிசிச் சமையல்; இந்த ஊரில் சோறு இரவுச் சாப்பாடு இல்லை. எந்தச் சோறு, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று முதல் நாளே போனில் சொல்லிவிட வேண்டும். தனி ஆளுக்குப் போட மாட்டார்கள், குறைந்தது இரண்டு பேர். ஒவ்வொரு மேசைக்கும் தனிச்சட்டி, தனி அடுப்பு, தனிக் கணக்கு என்பதால் அப்படி. சனிக்கிழமைகளில் வெங்காயம் உரித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லி அந்தச் சமையலறையில் ஒரு மூலை பிடித்தேன். நான் பார்த்துக் கற்றது எல்லாம் அங்கேதான்.

சட்டியும் அங்கிருந்து வந்ததுதான். கிடங்கில் பழைய சட்டிகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. “வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ, அது செத்துப் போகவில்லை, தூங்குகிறது” என்றார் யாயா. 46 செ.மீ. விட்டம், மெருகிட்ட சாதா எஃகு, இரண்டு கைப்பிடி. கடை அட்டவணையில் இந்த அளவுக்கு எதிரே பத்துப் பேர் வரை போட்டிருக்கும். அதை நம்ப வேண்டாம். அரோஸ் அ பண்டா மெல்லிசாகப் பரவ வேண்டிய சோறு, ஆகவே ஆறு பேருக்கு மேல் இதில் போடக் கூடாது. எல்லாப் பருக்கையும் அடிச்சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சட்டி இவ்வளவு அகலமும் இவ்வளவு ஆழக்குறைவுமாக இருக்கிறது.

உள்ளே முழுக்க செம்மண் பூசியது மாதிரி துரு. நல்லவேளை, எல்லாம் மேல்துருதான். விரல்நகத்தால் சுரண்டினால் கீழே எஃகு வழவழப்பாகவே இருந்தது, குழி விழவில்லை. குழி விழுந்திருந்தால் அரிசி அங்கே போய் ஒட்டிக்கொண்டு கருகும், அப்போது விட்டுவிடுவதுதான் நல்லது. வினிகரும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி லேசாகச் சூடாக்கி அரை மணி நேரம் விட்டேன். துரு இளகிக் கரும்பழுப்புக் குழம்பாக வந்தது. கொட்டிவிட்டு எஃகு நாரால் வட்டவட்டமாகத் தேய்த்தேன். கைப்பிடியை இறுக்கும் ரிவெட்டைச் சுற்றி மட்டும் துரு பிடிவாதமாக நின்றது; அதற்குப் பழைய பல்துலக்கும் பிரஷும் சமையல் சோடாவும். கழுவியதும் துணியால் துடைத்து, உடனே அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போகும்வரை காய்ச்சினேன். இந்த எஃகு ஈரத்தோடு பத்து நிமிடம் நின்றாலே மறுபடி மஞ்சளிக்கும். அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய், காகிதத்தால் முழுவதும் தேய்ப்பு. தோசைக்கல் பழக்குகிறவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: இந்தச் சட்டியில் தக்காளி வதங்கும், புளிப்புச் சாறு கொதிக்கும், அதனால் கருப்புப் பூச்சு ஏறி நிலைக்காது. நிலைக்க வேண்டியதும் இல்லை. சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும்.

பெரிய வேலை அடிப்பாகம். தட்டையான மேசைமேல் வைத்து இரண்டு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் முழுக்க ஓரத்துக்கு ஓடி, நடுவில் ஒரு தட்டளவு இடம் காய்ந்து நின்றது. அதாவது நடு உப்பியிருக்கிறது. எண்ணெயும் இப்படித்தான் ஓடும், நடுவில் அரிசி தீயும், ஓரத்தில் குழையும். சட்டியை நிமிர்த்தி நான்காக மடித்த கம்பளிமேல் வைத்து, மரச் சுத்தியலால் உப்பிய இடத்தின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருள் சுருளாக, மெல்லத் தட்டிக்கொண்டு வந்தேன். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் தகடு ‘டொப்’ என்று மறுபக்கம் குதிக்கும், சூடேறும்போது திரும்பவும் குதிக்கும். மெல்லத் தட்டினால் தகடு அடங்கிவிடும். கொஞ்சம் தட்டு, தண்ணீர் ஊற்று, பார், மறுபடி தட்டு. தண்ணீர் ஒரே படலமாக நின்றதும் நிறுத்திவிட்டேன். அடியில் வரிசையாக இருக்கும் சிறு பள்ளங்களை நசுங்கல் என்று எண்ணி யாரும் தட்டி நிரவிவிட வேண்டாம். மெல்லிய தகடு சூட்டில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே போட்டது அது.

அடுத்து அடுப்பு. வீட்டு எரிவாயு அடுப்பில் 46 செ.மீ. சட்டியை வைத்தால் நடுவில் ஒரு கைப்பிடி அளவு இடம்தான் கொதிக்கும். இதற்கென்றே பயேயெரோ என்ற வளைய அடுப்பு இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம், வளையத்துக்கு ஒரு திருகு. யாரோ வீடு காலி செய்யும்போது கொடுத்த 40 செ.மீ. அடுப்பு ஒன்று என்னிடம் இருந்தது. ஆரஞ்சு நிற 12.5 கிலோ பியூட்டேன் சிலிண்டரோடு பின்முற்றத்தில் பொருத்தினேன். ரப்பர் குழாயின்மேல் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும், அது தாண்டிவிட்டதால் முதலில் குழாய் மாற்றம், பிறகு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. இது திறந்தவெளி அடுப்பு. பூட்டிய சமையலறைக்குள் இதைக் கொண்டு போகவே கூடாது.

பற்றவைத்தால் உள்வளையம் நீலமாக எரிந்தது. வெளிவளையத்தில் ஒரு பாதி மஞ்சள், கால்வாசி எரியவே இல்லை. மஞ்சள் தீ என்றால் காற்றுக் கலவை போதவில்லை என்று அர்த்தம், சட்டியின் அடி கரிபிடிக்கும். திருகுக்கு அடுத்து, வாயு காற்றோடு கலக்கும் குழாயின் வாயைப் பார்த்தேன்: சிலந்திக் கூடு. கழற்றிப் பாட்டில் பிரஷால் துடைத்தேன். எரியாத துளைகளில் பழைய சாறு பொங்கி வழிந்து காய்ந்திருந்தது. மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துக் கவிழ்த்துத் தட்டினேன். கம்பி தடிமனாக இருந்தால் துளை பெரிதாகிவிடும், அந்த இடத்தில் தீ எப்போதும் நீளமாகவே நிற்கும்.

முற்றத்தின் தரை வடிகாலை நோக்கிச் சரிவு. அடுப்பைத் தாங்கும் முக்காலியின் ஒரு காலுக்கு அடியில் ஓட்டுத்துண்டு கொடுத்துச் சட்டியை வைத்து, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, நாலு பக்கமும் ஆழம் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு குச்சியால் அளந்தேன். அந்தத் தண்ணீரையே கொதிக்கவிட்டால் அடுப்புக்கும் சோதனை ஆகிவிடும். குமிழி எங்கே முதலில் எழுகிறது, எங்கே எழவில்லை என்று நின்று பார்த்தால் தீயின் வரைபடமே கிடைத்துவிடும். மதியத்தில் இங்கே கடற்காற்று எழும்பும், தீயை ஒரு பக்கமாகச் சாய்க்கும். அதற்காக அடுப்பைச் சுற்றி முக்கால் வட்டத்துக்குத் தகரத் தடுப்பு வைத்தேன். யாயாவின் மகன் வந்து பார்த்துவிட்டுச் சமையலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, தகரத்தை ஆட்டிப் பார்த்தார், “இது சரி” என்றார்.

சரி, மீன். திங்கட்கிழமை சாறு வைக்காதீர்கள் என்பது இந்த ஊரில் எல்லோரும் சொல்வது. சனி ஞாயிறு இழுவைப் படகுகள் போகாது. திங்கள் காலைச் சந்தையில் இருப்பது வெள்ளிக்கிழமை மீன். கபன்யால் சந்தையில் வாங்கியது: மொராயா ஒரு கிலோ, கலேரா அரைக் கிலோ, சிறு நண்டு கொஞ்சம், ராப்பே என்ற அகலவாய் மீனின் தலை ஒன்று. மொராயா என்பது பாறையோரச் சின்ன மீன்களின் கலவை. முள்ளும் தலையுமாக இருக்கும், தட்டில் வைத்துச் சாப்பிட முடியாது, சாற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது. கலேரா தட்டையான, ஓரமெல்லாம் கூரான ஓடுள்ள ஒரு ஜீவன். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். விலை குறைவு, உரிப்பதற்குள் விரல் கிழியும், ஆனால் சாற்றுக்கு இனிப்பைக் கொடுப்பது அதுதான். பெரிய இறால் வாங்க வைத்திருந்த காசைக் கலேராவில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

அகலமான பாத்திரத்தில் ஆலிவ் எண்ணெய் விட்டு, நண்டையும் கலேராவையும் முதலில் போட்டுச் சிவக்க வறுத்து, மத்தால் இடித்து நொறுக்கினேன். ஒரு தலைப்பூண்டு குறுக்கே வெட்டியது, இரண்டு தக்காளி, பிறகு மொராயா. ராப்பே தலையில் செவுளை நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் கசக்கும். எல்லாம் இரண்டு பிரட்டுப் பிரட்டி, மூன்று லிட்டர் குளிர்ந்த தண்ணீர். கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்து 25 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். எலும்பு சூப்புப் பழக்கத்தில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் மீன்முள் பசையும் கசப்பும் விடும். வடிகட்டும்போது மட்டும் தயவு காட்டக் கூடாது. கரண்டியின் முதுகால் அழுத்திச் சக்கையைக் காயவைக்கிற அளவுக்குப் பிழிந்தேன். இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது, செங்கல் நிறத்தில். இங்கே இதை ஃபுமேத் என்பார்கள்.

அடுத்து சல்மொரேத்தா. இது தெற்கே அலிகாந்தே பக்கத்துச் சமாசாரம், யாயாவின் தாய்வழி அந்த ஊர் என்பதால் இந்தக் கடையில் எல்லா மீன்சோற்றுக்கும் இதுதான் அடித்தளம். ஞோரா என்பது காரமே இல்லாத, உருண்டையான காய்ந்த மிளகாய். ஐந்தாறு எடுத்துக் காம்பும் விதையும் நீக்கி, மிதமான எண்ணெயில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து நொடி. தோல் கருஞ்சிவப்பிலிருந்து ஒரு படி வெளுத்து, பளபளப்பு வந்து, எண்ணெய் செம்மை ஏறும். அந்த நொடியில் வெளியே எடுக்க வேண்டும். யாயா இதைக் கண்ணால் பார்த்து எடுப்பதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேலை செய்துகொண்டிருப்பார், வாசனை மாறியதும் கை தானாக வரும். ஒரு மூச்சு தாமதித்தால் கசப்பு, அந்தக் கசப்பை எதாலும் மறைக்க முடியாது. அதே எண்ணெயில் ஐந்து பல் பூண்டு, நான்கு பழுத்த தக்காளி துருவியது, ஒரு பிடி பார்ஸ்லி. தண்ணீர் சுண்டும்வரை வதக்கி, ஞோராவோடு சேர்த்து அரைத்தால் சல்மொரேத்தா. மிச்சம் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும்.

கணவாய் வாங்கும்போது சுத்தம் செய்யாத ஓட்டுக் கணவாயாகக் கேட்க வேண்டும். உள்ளே மெல்சா என்ற பழுப்புநிறப் பை இருக்கும், அதை வதக்கலில் உடைத்துவிட்டால் கடல் மணம் இரட்டிப்பாகும். மைப்பை உடையாமல் தனியாக எடுத்து வைத்தேன். அது கருப்புச் சோற்றுக்கு, இன்றைக்கு இல்லை.

அரிசி விஷயத்தில் இங்கே கட்சிச் சண்டையே உண்டு. நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றியுள்ள வயல்களில் விளைவதில் முக்கியமானவை போம்பா, செனியா, பிறகு அவை இரண்டின் கலப்பில் வந்த அல்புஃபேரா என்ற ரகம். போம்பா தன் கன அளவைப்போல மூன்று மடங்கு சாறு குடித்தும் உடையாமல் நிற்கும், சில நிமிடம் கூடினாலும் மன்னித்துவிடும். செனியா சுவையை இன்னும் நன்றாக வாங்கிக்கொள்ளும், ஆனால் நேரம் கொஞ்சம் தப்பினால் குழைந்துவிடும். கடையில் செனியா; கடிகாரமே கண்ணாக இருக்கிறவர்களுக்கு அது சரி. வீட்டில் நான் போம்பாதான் போடுகிறேன். இரண்டையும் கழுவக் கூடாது. நம் கை தானாகக் குழாய்ப் பக்கம் போகும், பிடித்து நிறுத்துங்கள். நனைந்த அரிசி எண்ணெயில் வதங்காது, சாறு உள்ளே போவதற்கு முன்னாலேயே தண்ணீர் இடம் பிடித்திருக்கும்.

அளவு: 600 கிராம் அரிசி, இரண்டு லிட்டர் சாறு, கைவசம் இன்னும் அரை லிட்டர் கொதிநிலையில். சாற்றில் குங்குமப்பூவைப் பொடித்துப் போட்டு, உப்புச் சரிபார்த்தேன். குடித்துப் பார்த்தால் ஒரு கல் தூக்கலாக இருக்க வேண்டும், அரிசி அதை எடுத்துக்கொள்ளும். இங்கே பல வீடுகளில் குங்குமப்பூவுக்குப் பதில் மஞ்சள் நிறப்பொடி பாக்கெட்தான். அதைச் சொல்லிச் சிரிக்கிற பெரிய சமையல்காரர்களைவிட அந்தப் பாக்கெட்டைப் போட்டு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேருக்குச் சமைக்கிற அம்மாக்களின் சோறு பல நேரம் நன்றாக இருக்கிறது.

சட்டியில் நூறு மில்லி எண்ணெய். முதலில் இறாலைத் தொட்டுத் தொட்டு எடுத்துத் தனியாக வைத்தேன், கடைசியில் சேர்க்க. அந்த எண்ணெயில் பொடியாக நறுக்கிய கணவாய். தண்ணீர் விட்டு, வற்றி, ஓரம் சிவந்து துள்ள ஆரம்பிக்கும்வரை பொறுமை வேண்டும். மெல்சா, பிறகு மூன்று பெரிய கரண்டி சல்மொரேத்தா, ஒரு சிட்டிகை இனிப்புப் பப்ரிகா, அதாவது காரமில்லாத மிளகாய்த்தூள். உடனே அரிசி. இரண்டு நிமிடம் பிரட்டினால் பருக்கையின் ஓரம் கண்ணாடியாகும், நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கும். இப்போது கொதிக்கும் சாறு. கரண்டியால் அரிசியைச் சமமாகப் பரப்பிவிட்டு, கரண்டியை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். இதற்குமேல் கிளறினால் மாவு கரைந்து கூழ்த்தன்மை வரும்.

முதல் எட்டு நிமிடம் இரண்டு வளையமும் முழுத் தீ. சாறு கீழே இறங்கி அரிசி தலைகாட்டியதும் தீயைப் பாதிக்கும் கீழே குறைத்தேன், இன்னும் ஒன்பது நிமிடம். தட்டியெடுத்த நடுப்பகுதியைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குமிழி ஓரத்திலும் நடுவிலும் ஒரே அளவில் எழுந்தது. வடமேற்கு மூலையில் மட்டும் சாறு சீக்கிரம் வற்றியது, காற்றுத் தடுப்பின் வெறுமையான பக்கம் அது. சட்டியைக் கைப்பிடியால் கால் வட்டம் திருப்பினேன், ஒரு சிறு கரண்டி சூடான சாறு அங்கே மட்டும் தெளித்தேன். பதினைந்தாவது நிமிடத்தில் இறால்.

கடைசி ஒன்றரை நிமிடம் சொகராத்துக்கு. அடியில் பிடிக்கும் அந்தப் பழுப்புப் பொருக்கு இல்லாவிட்டால் இங்கே சாப்பிட உட்காரவே மாட்டார்கள். தீயை மறுபடி ஏற்றி, பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்க வேண்டும். சாறு இருக்கும்வரை கொதிக்கும் சத்தம் குழைவாக இருக்கும். சாறு தீர்ந்து எண்ணெய் மட்டும் மிஞ்சியதும் அது உலர்ந்து, படபடவென்று வெடிக்கத் தொடங்கும். வறுத்த வாசனை வரும். கருகல் வாசனைக்கும் அதற்கும் நடுவே இடைவெளி அரை நிமிடம்கூட இல்லை. கரண்டி நுனியை அடிவரை விட்டு இழுத்தேன், லேசாகத் தடுத்தது. அணைத்துவிட்டு, மூடாமல் ஐந்து நிமிடம்.

அலியோலிக்கு முறைப்படி உரலில் பூண்டும் உப்பும் இடித்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, முட்டையே இல்லாமல் கட்டியாக்க வேண்டும். வீடுகளில் மஞ்சள்கரு சேர்த்துவிடுகிறார்கள், நானும்தான். மிளகளவு தொட்டுக்கொண்டால் போதும், அள்ளிப் போட்டால் அத்தனை நேரம் வைத்த சாறு பூண்டுக்குள் காணாமல் போய்விடும்.

தட்டு வைக்கவில்லை. சட்டியை மேசை நடுவில் வைத்து, ஆளுக்கொரு கரண்டி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தன் எதிரே இருக்கும் முக்கோணத்தை மட்டும் சாப்பிடுவது. யாயா வந்தார். முதல் வாய் மேல்சோறு, இரண்டாவது வாய்க்கு அடியைச் சுரண்டினார். “உப்புச் சரி. ஞோரா இன்னும் ஒன்று போடலாம்” என்றார். மகன் நடுப்பகுதிச் சொகராத்தையும் ஓரத்துச் சொகராத்தையும் கரண்டியில் எடுத்து நிறம் ஒப்பிட்டுப் பார்த்தார். நடு கொஞ்சம் வெளுப்பு. உள்வளையத்தின் தீயைக் கடைசி நிமிடத்தில் இன்னும் ஒரு திருப்பு ஏற்றினால் சரியாகிவிடும் என்று இருவருக்கும் ஒரே கருத்து. அப்புறம் பேச்சு வழக்கம்போல, கடல்மீன் போட்டதைப் பயேயா (இந்த அகலச் சட்டியில் செய்யும், ஊருக்கே பெயர் வாங்கித் தந்த சோறு) என்று சொல்லலாமா, அல்லது கோழி, முயல், அகன்ற அவரை போட்டதற்குத்தான் அந்தப் பெயரா என்ற இடத்துக்குப் போய்விட்டது. 2021-இல் வலென்சிய அரசு பயேயாவைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்த பிறகும் அந்த வழக்கு தீரவில்லை. அதில் நான் தலையிடுவதில்லை.

சட்டியைக் கழுவும் முறை: சூடாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம், மரக் கரண்டியால் சுரண்டல், மென்மையான நார், துடைத்து அடுப்பில் காய்ச்சல், எண்ணெய்த் துணி. எண்ணெய் பூசிய சட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக் காய்ந்த சுவரில் மாட்டியிருக்கிறேன். மிஞ்சிய சாறு ஃப்ரீசரில். அது ஃபிதெவாவுக்கு, அதாவது அரிசிக்குப் பதில் குட்டைச் சேமியா போட்டுச் செய்யும் கந்தியா ஊர்ச் சமையலுக்கு. சேமியா அரிசியைவிடக் குறைவாகக் குடிக்கும், நேரமும் குறைவு. அதனால் அதற்கு வெளிவளையத்தைக் கடைசிவரை குறைக்காமல் வைத்துப் பார்க்கப் போகிறேன். அதற்கு முன்னால் காற்றுத் தடுப்பின் அந்தக் கால்வட்டத்தையும் அடைக்க வேண்டும். தகரம் வாங்கியாகிவிட்டது.